கையெழுத்து விழுந்த மிருதங்கம்

இரண்டு வருடத்துக்கு முன்னால், ஒரு புரட்டாசி மாதம். குறுவை அறுத்து, நெல்லைக் கொள்முதல் நிலையத்து வாசலில் குவித்துப் போட்டுவிட்டு, எங்கள் முறை எப்போது வரும் என்று தார்ப்பாயைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். எங்களுக்குக் காவிரிக் கரைக் குத்தாலம் பக்கம். நெல் களத்தில் கிடக்கும்போது மேகம் கட்டினால் என்ன பாடு என்று எங்கள் பக்கத்து ஆட்களைக் கேட்டால் சொல்வார்கள். அந்த நேரம் பார்த்துத்தான் திருவையாற்றிலிருந்து அண்ணி போன் பண்ணினார்.

"நாளைக்கு வர முடியுமா? மிருதங்கத்தைப் பார்க்க ஆள் வர்றாங்களாம். உங்கண்ணன் ஒரு மாதிரியா இருக்காரு. நீ கூட இருந்தா நல்லாருக்கும்" என்றார்.

"நெல்லு கெடக்கு அண்ணி. இப்பத்தான் வரணுமா அவங்களுக்கு?" என்று எரிந்து விழுந்தேன். எனக்கு வாய் கொஞ்சம் நீளம். எங்கள் குடும்பத்தில் எல்லோருக்கும் தெரிந்த விஷயம்தான். அண்ணி போனை வைக்கவில்லை. அப்படியே பிடித்துக்கொண்டு நிற்கிறார் என்பது மூச்சுச் சத்தத்தில் தெரிந்தது. சரி, வர்றேன் என்று சொல்லிவிட்டேன். நெல்லை வீட்டுக்காரர் தலையில் கட்டிவிட்டு, மறுநாள் காலை பஸ் ஏறினேன்.

அண்ணனைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவர் மிருதங்கம் வாசிப்பவர். பெரிய வித்வான் என்றெல்லாம் சொல்ல முடியாது. பரதநாட்டிய வகுப்பு, கோயில் உற்சவம், பள்ளிக்கூட ஆண்டு விழா என்று யார் கூப்பிட்டாலும் போவார். பஸ்ஸில் மிருதங்கத்தை மடியில் வைத்துக்கொண்டுதான் உட்காருவார். கண்டக்டர் லக்கேஜ் டிக்கெட் கேட்டால், "இது லக்கேஜ் இல்லப்பா, வாத்தியம்" என்று சண்டைக்குப் போவார். மற்றபடி சாது. அண்ணி தையல் மிஷின் வைத்திருக்கிறார். பிள்ளைகள் இல்லை. இருவருக்கும் போதுமானதைச் சம்பாதித்துக்கொண்டு, வாடகை வீட்டில், யாருக்கும் தொந்தரவு இல்லாமல் இருந்தார்கள்.

அந்த மிருதங்கத்தின் கதை ரொம்பப் பழையது. திருக்காட்டுப்பள்ளிக்குப் பக்கத்தில் ஒரு கிராமத்தில் கும்பாபிஷேகம். அதற்குப் பாட வந்தவர் பெரிய பாடகர். பெயரைச் சொன்னால் உங்களுக்கும் தெரியும், அதனால் சொல்லவில்லை. அவருக்கு வாசிக்க வேண்டியவர் வந்த கார் வழியில் நின்றுபோய்விட்டது. கூட்டம் சேர்ந்துவிட்டது, மைக் செட்காரர் "ஹலோ ஹலோ" சொல்லி ஓய்ந்துவிட்டார், பக்கவாத்தியம் இல்லை. காலையில் நாட்டிய நிகழ்ச்சிக்கு வாசித்துவிட்டு, கச்சேரி கேட்கலாம் என்று முன்வரிசையில் உட்கார்ந்திருந்த அண்ணனை ஊர்க்காரர்கள் கையைப் பிடித்து மேடையில் ஏற்றிவிட்டார்கள். நானும் அன்றைக்குக் கூட்டத்தில் இருந்தேன். எனக்குத் தாளம் கீளம் ஒன்றும் தெரியாது. ஆனால் ஆரம்பத்தில் விறைப்பாக உட்கார்ந்திருந்த பாடகர், போகப் போக அண்ணன் பக்கம் திரும்பித் திரும்பிப் பார்த்துச் சிரித்தார். "பலே" என்று ஒரு தடவை மைக்கிலேயே சொன்னார். அப்போது அண்ணன் முகம் இருந்த இருப்பை இன்னொரு தடவை நான் பார்த்ததில்லை.

கச்சேரி முடிந்ததும் யாரோ ஒரு மார்க்கர் பேனாவை நீட்டினார்கள். பாடகர் மிருதங்கத்தைத் தன் பக்கம் இழுத்தார். வலது கை விழும் பக்கம் இருக்கிறதே, வலந்தலை என்பார்கள், நடுவில் கறுப்பாக வட்டமாக இருக்கும், அந்தக் கறுப்பைச் சுற்றியுள்ள வெளுத்த தோலில் எழுதினார். மேல் பாதியில் வளைவாக, "அன்புத் தம்பிக்கு ஆசிகளுடன்" என்று அண்ணன் பெயரையும் சேர்த்து எழுதி, கீழ்ப் பாதியில் கையெழுத்துப் போட்டார். "அடுத்த தடவை இந்தப் பக்கம் பாட வந்தா தம்பியைத்தான் கூப்பிடுவேன்" என்று எல்லோர் காதிலும் விழும்படி சொன்னார்.

அதோடு முடிந்தது அந்த மிருதங்கத்தின் வாழ்க்கை. ஏன் என்றால், வாசிக்கும்போது விரல் விழுகிற இடமே அதுதான். இரண்டு கச்சேரி வாசித்தால் வியர்வையிலும் விரலிலும் எழுத்து மங்கிவிடும். கொஞ்ச காலம் ஆனால் தோலையே மாற்ற வேண்டியிருக்கும், அப்போது கையெழுத்தும் குப்பைக்குப் போகும். அண்ணன் அதைப் பட்டுத் துணியில் சுற்றி, உறை போட்டு, பீரோவுக்கு மேலே ஏற்றிவிட்டார். சரஸ்வதி பூஜைக்கு மட்டும் இறங்கும். அப்போதும் பொட்டு மரத்தில்தான், தோலில் வைக்கக் கூடாது என்று அண்ணி பக்கத்திலேயே நின்று காவல் காப்பார்.

பிறகு வாசித்ததெல்லாம் யாரிடமோ பழையதாக வாங்கிய இன்னொரு மிருதங்கத்தில். "இது வாயே தொறக்க மாட்டேங்குது" என்று அதைத் திட்டிக்கொண்டேதான் வாசிப்பார். பீரோவுக்கு மேலே இருந்தது நல்ல பலா மரம். இளவயதில் தன் முதல் சம்பாத்தியத்தில் ஆசை ஆசையாகச் செய்யச் சொல்லி வாங்கியது. அவரிடம் இருந்ததிலேயே நல்ல நாதம் அதற்குத்தான். எனக்கு இது பொறுக்காது. ஊருக்குப் போகும்போதெல்லாம், "நல்ல மாட்டைக் கட்டிப் போட்டுட்டு நொண்டி மாட்டை ஏர்ல பூட்டுற ஆளை இப்பத்தாண்ணே பார்க்குறேன்" என்று வம்பிழுப்பேன். அவர் கோபப்பட மாட்டார். "அவர் கூப்பிடுறப்ப இதைத்தான் எடுத்துட்டுப் போகணும். எழுத்து அப்படியே இருக்கணும்ல?" என்பார்.

கூப்பிடவே இல்லை. அந்தப் பாடகர் இந்தப் பக்கம் எத்தனையோ முறை வந்து பாடினார். அண்ணன் ஒவ்வொரு முறையும் போய் முன்னால் உட்கார்ந்தார். ஒரு தடவை மேடைக்குப் பின்னால் போய் நின்று கும்பிட்டாராம். அவரும் கும்பிட்டாராம், ஆனால் அடையாளம் தெரியவில்லை. இதை அண்ணன் எங்களிடம் சொல்லவே இல்லை, அண்ணிதான் சொன்னார். பாடகர் காலமான செய்தி டிவியில் வந்த அன்று, அண்ணன் மிருதங்கத்தை இறக்கி மடியில் வைத்துக்கொண்டு சாப்பிடாமல் கொள்ளாமல் உட்கார்ந்திருந்தார். அன்றைக்கும் வாசிக்கவில்லை.

பக்கவாதம் வந்தது அதற்கு அடுத்த வருடம். நாட்டிய வகுப்பு முடிந்து வரும்போது சைக்கிளோடு சாய்ந்துவிட்டார். பேச்சு சீக்கிரம் திரும்பிவிட்டது, கொஞ்சம் குழறும், அவ்வளவுதான். வலது காலும் வலது கையும் திரும்பவில்லை. பெரிய ஆஸ்பத்திரி டாக்டர் ஒளிக்காமல் சொல்லிவிட்டார். தஞ்சாவூரில் தங்கிப் பயிற்சி கொடுக்கிற இடம் இருக்கிறது, மாசக்கணக்கில் தங்க வேண்டும், கால் தேறும், கை தேறவும் வாய்ப்பு இருக்கிறது, ஆனால் நாள் போகப் போக அந்த வாய்ப்பு குறையும் என்றார். நாங்கள் குத்தகை நிலத்தில் பாடுபடுகிறவர்கள். அண்ணி தைத்துச் சம்பாதிப்பவர். எல்லாக் கதவையும் தட்டியாகிவிட்டது. அண்ணனுக்கு வேறு யோசனையே கிடையாது, கை, கை, கை. காலைப் பற்றிக் கேட்கவே மாட்டார்.

அப்போதுதான் பாய் ஒரு வழி சொன்னார். பாய் என்றால் அண்ணனின் சிநேகிதர், திருவையாற்றிலேயே போட்டோ ஃபிரேம் போடும் கடை வைத்திருப்பவர். துபாயில் பல வருடம் இருந்துவிட்டுத் திரும்பி வந்து கடை போட்டவர். அண்ணன் சாயங்காலம் அவர் கடையில் போய் உட்கார்ந்தால் எழுந்திருக்கவே மாட்டார். காவிரிக் கரையில் புதிதாக ஒரு ரிசார்ட் கட்டுகிறார்கள், வரவேற்பறைச் சுவரில் மாட்டச் சங்கீதம் சம்பந்தப்பட்ட பழைய பொருள்கள் தேடுகிறார்கள், ஃபிரேம் வேலை தனக்குத்தான் வந்திருக்கிறது, இந்தக் கையெழுத்தைச் சொன்னதும் நல்ல விலை கொடுப்பதாகச் சொல்கிறார்கள் என்றார். தயங்கித் தயங்கித்தான் சொன்னாராம். சில நாள் கழித்துத்தான் அண்ணன், வரச் சொல்லுங்க பாய் என்றிருக்கிறார்.

நான் போய்ச் சேர்ந்தபோது மிருதங்கம் இறங்கியிருந்தது. கூடத்தில் கோரைப்பாய் விரித்து, அதன்மேல் பட்டுத் துணி விரித்து, அதன்மேல் வைத்திருந்தார்கள். அண்ணன் சட்டை மாற்றி, விபூதி பூசி, சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். பெண் பார்க்க வருகிற வீடு மாதிரி இருந்தது. அதைப் பார்க்கப் பொறுக்காமல், "காபி கீபி உண்டா, இல்ல வர்ற மகாராசாவுக்கு மட்டுந்தானா?" என்று சத்தம் போட்டேன்.

வந்தது மகாராசா இல்லை. ஒரு பெண், முப்பது வயதுகூட இருக்காது, ரிசார்ட்டின் உள் அலங்கார வேலை பார்க்கிறவள், மெட்ராஸ் பெண். பாய்தான் கூட்டிக்கொண்டு வந்தார். நல்ல மாதிரிதான். செருப்பை வாசலிலேயே விட்டாள், அண்ணனைப் பார்த்துக் கும்பிட்டாள், கீழே உட்கார்ந்தாள். மிருதங்கத்தைத் தொடுவதற்கு முன்னால், "தொடலாமா சார்?" என்று கேட்டாள். அதற்கே அண்ணன் முகம் மலர்ந்துவிட்டது. கும்பாபிஷேகக் கதையை ஆதியோடு அந்தமாகச் சொன்னார். "பலே" என்று சொன்ன இடம் வந்தபோது, குழறாமல் சொல்ல வேண்டும் என்று இரண்டு தடவை முயற்சி பண்ணிச் சொன்னார். அவள் பொறுமையாகக் கேட்டாள். இதை நான் சொல்லித்தான் ஆக வேண்டும், அவள்மேல் எனக்கு இன்றைக்கும் கோபம் இல்லை.

போனில் படம் எடுத்து அனுப்பினாள். வெளியே போய்ப் பேசிவிட்டு வந்தாள். வரும்போதே முகத்தில் ஒரு சங்கடம்.

"சார், முழு மிருதங்கம் வேணாம்னு சொல்றாங்க. சுவத்துல மாட்டுறதுக்கு இந்தப் பக்கத்துத் தோல் மட்டும் போதுமாம். விலையில மாத்தம் இல்ல. மரத்தை நீங்களே வச்சுக்கலாம்" என்றாள்.

அண்ணி என்னைப் பார்த்தார், நான் பாயைப் பார்த்தேன். அண்ணன்தான் முதலில் பேசினார். "மரத்தை நானே வச்சுக்கலாமா?" என்று கேட்டார். பிள்ளை மாதிரிக் கேட்டார். அவ்வளவு நேரம் மிருதங்கமே போகப்போகிறது என்று நினைத்துக்கொண்டிருந்தவருக்கு, மரம் மிஞ்சுகிறது என்றதும் அப்படி ஒரு சந்தோஷம். "தோல் போனா வேற தோல் கட்டிக்கலாம். கை வந்ததும் இதுலயே வாசிக்கலாம்" என்று அண்ணியிடம் சொன்னார். அண்ணி தலையை ஆட்டினார்.

அதோடு முடிந்திருந்தால் நான் இதை எழுதியே இருக்க மாட்டேன்.

அந்தப் பெண் கிளம்பவில்லை. துப்பட்டா நுனியைச் சுருட்டிக்கொண்டே இருந்தாள். "இன்னொரு சின்ன விஷயம் சார். ஃபிரேம் போடும்போது மேல் பாதியை அட்டை வச்சு மறைச்சுடுவோம். கீழ கையெழுத்து மட்டும் தெரியுற மாதிரி" என்றாள்.

எனக்குப் புரிய ஒரு நிமிஷம் ஆயிற்று. மேல் பாதியில்தான் அண்ணன் பெயர்.

"ஏன்?" என்றேன்.

"கெஸ்ட் பார்ப்பாங்கல்ல அக்கா. இது யாருன்னு கேப்பாங்க."

"யாருன்னு கேட்டா வாசிச்சவர்னு சொல்லு!" எனக்கு ரத்தம் தலைக்கு ஏறிவிட்டது. "இவரு வாசிச்சதுக்குத்தானே அவரு போட்டுக் குடுத்தாரு? சும்மா போற வர்றவங்களுக்கா போட்டுக் குடுத்தாரு?"

அவள் குரலை உயர்த்தவில்லை. "எனக்குப் புரியுதுக்கா. ஆனா கையெழுத்து மட்டும் தனியா இருந்தாத்தான் மதிப்பு. இன்னொருத்தர் பேரு கூட இருந்தா, அது அவருக்குச் சொந்தமான பொருள் மாதிரி ஆயிடும். வெளியில விக்கப் போனாலும் குறைச்சுத்தான் கேப்பாங்க. எங்க சார், பேர் இருக்குறதுக்காக விலையைக் குறைக்கச் சொன்னாரு. நான்தான் மறைச்சுக்கலாம், குறைக்க வேணாம்னு பேசிட்டு வந்திருக்கேன்."

அண்ணன் சிரித்தார். ஒரு பக்க வாய் மட்டும் மேலே போகிற சிரிப்பு. "எனக்குச் சொந்தமான பொருள்தானேம்மா அது" என்றார்.

பாய் கழுத்துத் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். எனக்கு என்ன தோன்றியதோ, மிருதங்கத்தை இரண்டு கையாலும் என் பக்கம் இழுத்துக்கொண்டேன். இத்தனை வருடமும் அந்தக் கையெழுத்தை மார்க்கர் மை என்று கேலி பண்ணியவள் நான். வாசிக்காத வாத்தியம் எதற்கு என்று கேட்டவள் நான். அன்றைக்குத்தான் தெரிந்தது, அண்ணன் காப்பாற்றி வைத்திருந்தது கீழ்ப் பாதியை இல்லை, மேல் பாதியை. அவ்வளவு பெரிய மனுஷர் ஒரு நாள் அண்ணன் பெயரை, தன் கையால், அண்ணன் வாசித்த இடத்திலேயே எழுதினார் என்கிற ஒன்றுதான் அவருக்கு இருந்தது. "இதை விக்கல. கெளம்புங்க. எங்க நெலத்தை வித்தாவது பாத்துக்குறோம்" என்றேன். எங்களுக்கு ஏது நிலம்? குத்தகை. அண்ணனுக்கும் தெரியும்.

"விடு பாப்பா" என்றார் அண்ணன்.

"நீங்க சும்மா இருங்கண்ணே."

"விடு. எனக்குக் கை வேணும்."

அவ்வளவுதான் சொன்னார். அண்ணி எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டார். நான் பிடியை விட்டேன்.

பாய் பையிலிருந்து கத்தியை எடுத்தார். வாரை அறுத்தால் தோல் கழன்றுவிடும், ஒரு நிமிஷ வேலை. மிருதங்கத்தின் இரண்டு பக்கத் தோலையும் நீள நீளமாக இழுத்துக் கட்டியிருக்கும் தோல் பட்டைக்குத்தான் வார் என்று பெயர். அண்ணன் இடது கையைத் தூக்கித் தடுத்தார். "அறுக்காதீங்க பாய். அவுத்துடலாம்." யார் அவிழ்ப்பது? அவருக்குக் கை இல்லை. பாய்க்குத் தெரியாது. அண்ணன் என்னைப் பார்த்தார்.

அவர் சொல்லச் சொல்ல நான் அவிழ்த்தேன். எத்தனையோ வருடமாக இறுகிக் கிடந்த வார், காய்ந்து விறைத்துப் போயிருந்தது. ஈரத்துணி வைத்துக் கொஞ்சம் கொஞ்சமாக இளக்க வேண்டும், ஆனால் ஒரு சொட்டுத் தண்ணீர் எழுத்துப் பக்கம் போகக் கூடாது. முடிச்சு எங்கே இருக்கிறது, எந்தப் பக்கம் இழுக்க வேண்டும், எங்கே விட வேண்டும் என்று இடது கை விரலால் காட்டிக்கொண்டே இருந்தார். நாற்றுக் கட்டு அவிழ்த்துப் பழகிய கைதான் என்றாலும் எனக்கு விரல் நுனியெல்லாம் எரிந்தது. அந்தப் பெண்ணும் உட்கார்ந்து மறு பக்கத்தைப் பிடித்துக்கொண்டாள். வெளியே டிராக்டர் ஒன்று வைக்கோல் ஏற்றிக்கொண்டு போனது. யாரும் நிமிர்ந்து பார்க்கவில்லை. கடைசிச் சுற்று கழன்றதும், இரண்டு பக்கத் தோலும் ஒரே நேரத்தில் தளர்ந்து விழுந்தன. மரம் மட்டும் இரண்டு பக்கமும் வாய் திறந்தபடி என் மடியில் இருந்தது. ஒரு பக்கம் பார்த்தால் மறு பக்கத்து வெளிச்சம் தெரிந்தது.

அண்ணன் வலந்தலையைக் கையில் வாங்கினார். தன் பெயர் இருந்த வளைவில் கட்டை விரலை வைத்து ஒரு தடவை தேய்த்தார். அழியவில்லை. "நல்ல மை" என்று சொல்லிவிட்டு அவளிடம் கொடுத்தார்.

ஒரு வாரம் கழித்துப் பாய் எனக்குப் போன் பண்ணினார். என்னத்துக்கு எனக்குப் பண்ணினார் என்று தெரியவில்லை, அண்ணனிடம் சொல்ல முடியாமல் இருந்திருக்கும். "தங்கச்சி, ஃபிரேம் முடிஞ்சு மாட்டியாச்சு. அளவுக்குச் சரியா வரணும்னு மேல் பாதியை வெட்டிடச் சொன்னாங்க. நான் வெட்டல. கொஞ்சம் பெரிய ஃபிரேமா போட்டு, அட்டைக்கு உள்ள முழுசா வச்சிருக்கேன். அண்ணன் பேரு உள்ள பத்திரமா இருக்கு" என்றார். "சாப்பிட்டீங்களா பாய்" என்று கேட்டேன்.

அண்ணன் தஞ்சாவூரில் தங்கிப் பயிற்சி எடுத்தார். மார்கழிக் குளிரில் விடியற்காலையே எழுப்பிவிடுவார்களாம். வலி தாங்காமல் கத்துவாராம், ஆனால் ஒரு நாள்கூட வேண்டாம் என்று சொன்னதில்லையாம். கூட இருந்த அண்ணி சொன்னார். கால் நன்றாகவே தேறியது. இப்போது கோல் ஊன்றிக்கொண்டு பாய் கடை வரைக்கும் நடந்துபோகிறார். கை தேறவில்லை. டம்ளரைப் பிடிக்கும் அளவுக்கு வந்தது, அதற்கு மேல் வரவில்லை. ஒரு நாள் அங்கே இருந்த டாக்டரம்மா, "சட்டை பட்டன் போட முடிஞ்சா அதுவே பெரிய முன்னேற்றம்" என்று சொல்லியிருக்கிறார். அதற்குப் பிறகு அண்ணன் கையைப் பற்றிப் பேசுவதை நிறுத்திவிட்டார்.

அண்ணியிடம் கேட்டேன், பெயர் மறைந்ததில் அண்ணனுக்கு வருத்தமா என்று. "அதப் பத்திப் பேசுறதே இல்ல. மரத்துக்குப் புதுத் தோல் கட்டணும்னு மட்டும் சொல்லிக்கிட்டே இருக்காரு" என்றார். யாருக்காக என்று நான் கேட்கவில்லை. போன வருடம் ஒருவழியாகக் கட்டிக்கொண்டு வந்துவிட்டார்கள்.

இந்த வருடம் பொங்கல் முடிந்து அண்ணன் வீட்டுக்குப் போயிருந்தேன். அண்ணி தைத்துக்கொண்டிருந்தார். நான் அடுப்படியில் இருந்தேன். அண்ணன் கோலைத் தட்டிக்கொண்டு வந்து, "ரவை இருக்கா?" என்று கேட்டார். உப்புமாவுக்கா என்று நான் கேட்டதற்கு, இல்லை என்று தலையாட்டினார். அண்ணி மிஷினை நிறுத்திவிட்டு எழுந்து வந்து, கொஞ்சம் ரவையில் தண்ணீர் விட்டுப் பிசைந்தார். மிருதங்கத்தின் இடது பக்கத்தில் அதைத் தட்டி ஒட்டினால்தான் ஆழமான சத்தம் வரும் என்று எனக்கு அப்போதுதான் தெரியும். அண்ணியே ஒட்டினார், பழக்கமான கை. தினமும் நடக்கிற விஷயம் என்று புரிந்தது.

அண்ணன் உட்கார்ந்து, தளர்ந்த வலது கையை இடது கையால் தூக்கி மடியில் வைத்தார். பிறகு இடது கையால் வாசிக்க ஆரம்பித்தார். அந்த மரத்தின் நாதத்தை நான் கும்பாபிஷேகத்துக்குப் பிறகு கேட்கவே இல்லை. கூடம் முழுக்க அதிர்ந்தது. கொஞ்ச நேரம் கேட்ட பிறகுதான் கவனித்தேன். ஒரு தட்டு விழும், பிறகு சத்தம் இருக்காது, மறுபடி ஒரு தட்டு. எனக்குத் தாளம் தெரியாது என்று சொன்னேனே, எனக்கே தெரிந்தது. வலது கை விழ வேண்டிய இடமெல்லாம் அவர் அவசரப்படாமல் காத்திருக்கிறார். அந்த இடங்களில் கண்ணை மூடிக்கொண்டு தலையை மட்டும் ஆட்டுகிறார். அவருக்கு அது கேட்கிறது போலிருக்கிறது. எங்களுக்குத்தான் கேட்கவில்லை.

நான் அடுப்படிக்குப் போய் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதேன். அண்ணி வந்து பக்கத்தில் நின்றார். "இவ்வளவு நல்லாப் பேசுது பாரு" என்று மட்டும் சொன்னார்.

இரண்டு கையும் இருந்த காலத்திலேயே வாசித்து வாசித்து அந்த எழுத்தைத் தேய்த்திருக்கலாமே அண்ணே என்று கேட்க இன்றும் வாய் துடிக்கிறது. இவ்வளவு நீள வாய்க்காரி நான், இதை மட்டும் கேட்டதில்லை. அதனால்தான் எங்கள் வீட்டில் யாராவது ஒரு நல்ல பொருளைக் கையில் எடுத்து, இது இப்போ வேண்டாம், பத்திரமா எடுத்து வை என்று சொன்னால் எனக்குப் பொல்லாத கோபம் வருகிறது. பீரோவில் இருந்த பட்டுப் புடவையையெல்லாம் இறக்கிவிட்டேன், வெள்ளிக்கிழமை சந்தைக்குக்கூட அதைக் கட்டிக்கொண்டுதான் போகிறேன்.